அக்யூட் டாக்ஸிசிட்டி: மண்புழு சோதனையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், தமிழில் எப்படிச் சொல்வது?

பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ, எதுவானாலும் அதன் பாதுகாப்புத் தரவுத்தாளில் சுற்றுச்சூழல் பகுதியைப் புரட்டினால் பெரும்பாலும் மண்புழுவைப் பற்றி ஒரு வரி இருக்கும். எர்த்வாம் அக்யூட் டாக்ஸிசிட்டி, எல்.சி. 50 (பாதிப் புழுக்கள் இறக்கிற செறிவு), 14 நாள், ஒரு கிலோ உலர்மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். தமிழில் எழுதும்போது இது ‘மண்புழுவுக்கான கடும் நச்சுத்தன்மை’ என்றோ ‘தீவிர நச்சுத்தன்மை’ என்றோ ஆகிவிடுகிறது. அகராதியில் பார்த்தால் தவறே கிடையாது. ஆனால் படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? ரொம்பப் பொல்லாத விஷம் என்றுதான். அந்த ஆங்கிலச் சொல் இங்கே விஷத்தின் வீரியத்தைப் பேசவே இல்லை. எவ்வளவு காலத்துக்குள் விளைவைப் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. கொஞ்சமும் தீங்கில்லாத ஒரு பொருளுக்கும் அக்யூட் டாக்ஸிசிட்டி சோதனை செய்யலாம், ‘ஒன்றும் சாகவில்லை’ என்று முடிவும் எழுதலாம்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் டாக்ஸோன் என்றால் வில். அம்பு முனையில் பூசுகிற நஞ்சை ‘டாக்ஸிகோன் ஃபார்மகோன்’ என்றார்கள், அதாவது வில்லுக்கான மருந்து. நாளடைவில் மருந்து என்ற பாதி உதிர்ந்துபோய், ‘வில்லுக்கான’ என்ற பாதி மட்டும் நின்று நஞ்சு என்ற பொருளைச் சுமக்க ஆரம்பித்தது. லத்தீனுக்குப் போய் டாக்ஸிகம் ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் பரவியது. அக்யூட் லத்தீன் சொல்தான். அக்கூட்டஸ் என்றால் தீட்டிய, கூரான. ஊசிக்கு அக்குஸ் என்று பெயர். பழைய கிரேக்க, ரோம மருத்துவர்கள் சட்டென்று வந்து, சீக்கிரமே உச்சத்துக்குப் போய், பிழைப்பாரா மாட்டாரா என்பது சில நாளில் தெரிந்துவிடுகிற நோயைக் ‘கூரான’ நோய் என்றார்கள். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதற்குக் காலம் என்று பொருள்படும் க்ரோனோஸ் என்ற சொல்லிலிருந்து க்ரானிக் என்று பெயர் வைத்தார்கள். ஆக, அந்த ஜோடி பிறந்ததே காலத்தை வைத்துத்தான். நஞ்சைப் பற்றிய அறிவியல் பிறகு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

தமிழில் ‘கடும்’ என்று போட்டவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லிவிடவும் முடியாது. கடு என்ற வேர் அவ்வளவு வளமானது. கடுகி வந்தான் என்றால் விரைந்து வந்தான். கடும்பரி என்றால் விரைந்து ஓடும் குதிரை. பழந்தமிழில் கடு என்ற சொல்லுக்கே நஞ்சு என்று ஒரு பொருள் உண்டு, சிவனைப் பாடும் இடங்களில் அடிக்கடி வரும். தேள் கொட்டினால் ‘கடுகடு’ என்று வலிக்கிறது என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான். விரைவு, வலி, நஞ்சு மூன்றும் ஒரே வேரில் நிற்பதைப் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமான சொல் ஏது என்று தோன்றும். ஆனால் இன்றைக்கு எழுத்திலும் பேச்சிலும் கடும் மழை, கடும் கோபம், கடும் நடவடிக்கை என்றுதான் அது வாழ்கிறது, விரைவு என்ற பொருள் ‘கடுகி’ போன்ற ஓரிரண்டு சொற்களோடு ஒதுங்கிவிட்டது. இன்று படிப்பவருக்காக எழுதும்போது இன்றைய பொருளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை ‘குறுங்கால நச்சுத்தன்மை’. சுருக்கம் வேண்டுமென்றால் குறுங்கால நச்சுமை. நஞ்சு குறளிலேயே இருக்கிற சொல், நச்சு அதன் பெயரடை வடிவம், நச்சுப்பாம்பு போல. அக்யூட் ஆங்கிள் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கணக்குப் பாடத்தில் குறுங்கோணம் என்றும், இலங்கையில் கூர்ங்கோணம் என்றும் படித்திருப்போம். அந்தக் ‘குறு’ இங்கேயும் கைகொடுக்கிறது. எதிர்ச்சொல்லுக்கு நெடுங்கால நச்சுத்தன்மை அல்லது நாள்பட்ட நச்சுத்தன்மை, இரண்டுமே புரியும்.

சரி, அந்தக் குறுங்காலத்தில் என்னதான் நடக்கிறது? உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 1984-இல் வெளியிட்ட 207-ஆம் எண் வழிகாட்டி. அதில் இரண்டு கட்டம். முதலாவது வெறும் வடிதாள் சோதனை: கண்ணாடிக் குப்பிக்குள் வடிதாளைச் சுருட்டி வைத்து, வேதிப்பொருளை அதில் ஏற்றி, குப்பிக்கு ஒரு புழுவாக விட்டு, 48 மணி நேரம் இருட்டில் வைப்பார்கள். தோல் வழியாக என்ன ஏறுகிறது என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள இது போதும். ஆனால் மண்ணில் கிடக்கிற புழு ஈரத்தோலால் மூச்சு விடுவதோடு மண்ணைத் தின்னவும் செய்கிறது, அந்த மண்ணோ வேதிப்பொருளில் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. தாளில் வருகிற எண்ணை வைத்து வயலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டாவது கட்டமான செயற்கை மண் சோதனை. நூற்றுக்கு 70 பங்கு நுண்மணல், 20 பங்கு கயோலின் களிமண், 10 பங்கு பீட் எனப்படும் பாசிமட்கு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண்ணைச் சுண்ணாம்புத்தூள் சேர்த்து 6-ஐ ஒட்டி நிறுத்துவார்கள். ஒரு ஜாடிக்கு பத்துப் புழு, ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு ஜாடி, வேதிப்பொருளே கலக்காத ஜாடிகள் ஒப்பீட்டுக்குத் தனியாக. புழுக்கள் இரண்டு மாதமாவது ஆனவையாக, கிளைடெல்லம் என்கிற தடித்த பட்டை விழுந்து முதிர்ந்தவையாக, 300 முதல் 600 மில்லிகிராம் எடைக்குள் இருக்க வேண்டும். 20 டிகிரி வெப்பம், விளக்கு இரவு பகலாக எரியும், ஏனென்றால் வெளிச்சம் பிடிக்காத புழு அப்போதுதான் மேலே ஏறித் தப்பப் பார்க்காமல் மண்ணுக்குள்ளேயே இருக்கும். சாப்பாடு எதுவும் போடுவதில்லை.

ஏழாவது நாள் ஜாடியிலிருக்கும் மண்ணைத் தட்டில் கொட்டிப் பிரிப்பார்கள். ஒவ்வொரு புழுவின் தலைப்பக்கத்தையும் மெல்லத் தொட்டுப் பார்ப்பது, சுருங்கினால் உயிர் இருக்கிறது, அசைவே இல்லையென்றால் இறந்தது என்று குறிப்பது, உயிரோடு இருப்பவற்றை மறுபடி அதே மண்ணில் விடுவது. 14-ஆவது நாள் இன்னொரு தடவை. எண்ணிக்கையில் குறைகிற புழுவையும் இறந்ததாகவே கணக்கிடுவார்கள், ஏனென்றால் செத்த மண்புழு மண்ணுக்குள் வெகு சீக்கிரம் அழுகிக் கரைந்துவிடும், தேடினாலும் கிடைக்காது. வேதிப்பொருள் கலக்காத ஜாடிகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்துவிட்டால் மொத்தச் சோதனையும் செல்லாது.

இதிலிருந்து வருவதுதான் எல்.சி. 50: சோதித்த புழுக்களில் பாதி இறக்கிற செறிவு. மண்ணில் கலந்த அளவாக இருந்தால் பாதிக்கொல் செறிவு, எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தது போல உடலுக்குள் செலுத்திய அளவாக இருந்தால் பாதிக்கொல் அளவு என்று பிரித்துச் சொல்லலாம். ‘உயிர்க்கொல்லிச் செறிவு 50’ என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்த 50 என்ன 50 என்று தெரிவதில்லை. பாதி என்ற கணக்கைக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜே. டபிள்யூ. ட்ரெவன், 1927-இல். எல்லாப் புழுவையும் கொல்கிற அளவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒன்றிரண்டு மட்டும் வழக்கத்தைவிட உரமாக இருந்து கணக்கைக் குலைத்துவிடும். பாதியைக் கொல்கிற அளவு அப்படி ஆடாது. இந்த எண் சிறியதாக இருந்தால்தான் நஞ்சு கொடியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘கடும் நச்சுத்தன்மை குறைவு’ என்று ஒரு பொட்டலத்தைப் பற்றி எழுதினால், மண்புழுவுக்கு ஆபத்தில்லை என்று விவசாயி நம்புவார். ‘குறுங்கால நச்சுத்தன்மை குறைவு’ என்று எழுதினால், அப்புறம் நெடுங்காலத்தில் எப்படி என்று கேட்பார். அந்தக் கேள்வி வர வேண்டும். செம்பை எடுத்துக்கொள்ளுங்கள், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவையில் இருக்கிற அதே செம்பு. செயற்கை மண்ணில் 14 நாளில் பாதிப் புழுவைக் கொல்லக் கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஆனால் புழு இடுகிற முட்டைக்கூடுகள் பாதியாகக் குறைய அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். புழு சாகாது, ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், அடுத்த தலைமுறை மட்டும் வராது. செம்பு சிதைந்து மறைகிற பொருளும் இல்லை, அடிக்க அடிக்க மேல்மண்ணிலேயே சேரும்.

கார்பென்டசிம் இன்னொரு உதாரணம். விதைநேர்த்திக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பூஞ்சைக்கொல்லி. எலிக்கு அதன் வாய்வழிப் பாதிக்கொல் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கும் மேல், அதாவது இந்தியாவில் பொட்டலத்தின் மேல் போடும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் பச்சைக்கான எல்லை. பச்சை என்றதும் மண்ணுக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். அந்த முக்கோணம் பாலூட்டிகளின் குறுங்கால நச்சுத்தன்மையை வைத்துப் போட்டது, மண்புழுவைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மண்புழுவின் இனப்பெருக்கத்தை இதே கார்பென்டசிம் எவ்வளவு நிச்சயமாகப் பாதிக்கிறது என்றால், அதே ஓ.இ.சி.டி. அமைப்பு 2004-இல் வெளியிட்ட 222-ஆம் எண் வழிகாட்டியில் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று சரிபார்க்கும் ஒப்பீட்டு நஞ்சாகவே அதை வைத்திருக்கிறார்கள். கிலோ மண்ணுக்கு 1 முதல் 5 மில்லிகிராமுக்குள் விளைவு தெரிய வேண்டும். இந்தச் சோதனை 56 நாள் ஓடும்: முதல் 28 நாள் தாய்ப்புழுக்களோடு, அவற்றை எடுத்துவிட்டு அடுத்த 28 நாள் குஞ்சுகள் பொரிந்து வர. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பூச்சிமருந்து அனுமதிக்கான தரவு விதிகளை மாற்றியபோது 14 நாள் இறப்புச் சோதனையைக் கேட்பதை விட்டுவிட்டு இனப்பெருக்கச் சோதனையைத்தான் கேட்டது.

காலம் மட்டுமில்லை, எந்தப் புழு என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. சோதனைக்கு எடுப்பது ஐசீனியா ஃபெட்டிடா, அல்லது அதன் நெருங்கிய உறவான ஐசீனியா ஆண்ட்ரே. ஃபெட்டிடா என்றால் லத்தீனில் நாறுவது. தொந்தரவு செய்தால் நாற்றமடிக்கும் திரவத்தை விடும். நம் மண்புழு உரக்கூடங்களிலும் வளர்க்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் முதிர்ந்துவிடும், ஏராளமாகப் பெருகும், அதனால் ஆய்வகத்துக்கு வசதி. ஆனால் அது சாணத்திலும் மட்கிலும் வாழ்கிற புழு. மழை பெய்தால் நம் வயலிலும் தோட்டத்திலும் குருணை குருணையாக மண்ணைத் தள்ளுகிற லாம்பிட்டோ மாரிட்டி போன்றவை வேறு வாழ்க்கை வாழ்பவை. சோதனை மண்ணில் பத்து சதவீதம் மட்கு இருக்கிறது, நம்முடைய பல வயல்களில் கரிமச்சத்து ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. மட்கு குறைந்தால் நஞ்சைப் பிடித்து வைக்க ஆள் குறைவு, புழுவுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். வெப்பமண்டல நாடுகளுக்காகப் பாசிமட்குக்குப் பதில் தென்னை நார்த்தூள் போட்டு, வெப்பத்தையும் கூட்டிச் சோதிக்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த எண்கள் கிடைக்கும் இடத்தில் அவற்றைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்.

புழுவின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். மண்புழு எல்லோருக்கும் தெரியும், அறிவியல் எழுத்துக்கு அதுவே போதும். நாங்கூழ் என்பது பழைய பெயர், எறும்புகளுக்கு நடுவே அகப்பட்ட நாங்கூழை மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். சித்த மருத்துவத்தில் பூநாகம்.

ஆக, தரவுத்தாளின் அந்த வரியைத் தமிழில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மண்புழுவில் குறுங்கால நச்சுத்தன்மை, ஐசீனியா ஃபெட்டிடா, செயற்கை மண், 14 நாள், பாதிக்கொல் செறிவு, ஒரு கிலோ உலர்மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம்.’ அதற்கு நேர் கீழேயே ‘மண்புழுவில் இனப்பெருக்கப் பாதிப்பு, 56 நாள்’ என்று அடுத்த வரி. இரண்டாவது வரி காலியாக இருந்தால் ‘சோதிக்கவில்லை’ என்று போட்டுவிட வேண்டும்.