கார்டுக்காகக் காத்திருக்கும் திரை

கேமிங் மானிட்டர் வாங்க நினைப்பவர் பலரும், திரையின் வேகத்தைக் கணினியின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்னும் இரண்டு நுட்பங்களில் எது மேலானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2015இல் அது சரியான கேள்வியாக இருந்தது. இன்று அந்த மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் (வினாடிக்கு எத்தனை முறை திரை புதிதாக வரையப்படுகிறது என்ற கணக்கு) தொடங்கி எத்தனை ஹெர்ட்ஸ் வரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை, 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை திரையைப் புதிதாக வரைகிறது. கணினியில் படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டுக்கு அப்படியொரு சீரான தாளம் கிடையாது; வெறும் சுவரைப் பார்த்து நிற்கும் காட்சியை 9 மில்லிவினாடியில் முடித்துவிடும் அதே கார்டு, புகையும் வெடிப்பும் நிறைந்த காட்சிக்கு 22 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளலாம். திரை பாதி வரையப்பட்டிருக்கும்போது கார்டு அடுத்த ஃப்ரேமை, அதாவது அடுத்த படத்தை, கொடுத்துவிட்டால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதிய படமும் நின்று, வேகமாகத் திரும்பும்போது ஒரு தூண் இரண்டாக வெட்டப்பட்டதுபோலத் தெரியும். இதையே டியரிங், அதாவது கிழிசல், என்கிறோம்.

வி-சிங்க் என்னும் பழைய தீர்வு, திரை தன் அடுத்த வரைவைத் தொடங்கும் வரை கார்டைக் காக்க வைத்தது. அதில் கிழிசல் மறைந்தது. ஆனால் 17 மில்லிவினாடி எடுத்த ஒரு ஃப்ரேம் நூலிழையில் தன் முறையைத் தவறவிட்டு, 33.3 மில்லிவினாடி வரை நிற்க நேர்ந்தது. ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையே தாமதமும் கூடியது.

இதைத் தலைகீழாக மாற்றி, திரையே கார்டுக்காகக் காத்திருக்கட்டும் என்பதுதான் அடாப்டிவ் சிங்க். அதற்கு வழிவிட்டது ஒரு பழைய மிச்சம். படக்குழாய்க் காலத்தில் எலக்ட்ரான் கற்றை கீழ் முனையிலிருந்து மேல் முனைக்குத் திரும்புவதற்காக, இரண்டு படங்களுக்கு நடுவே சிறிய இடைவேளை விடப்பட்டது. படக்குழாய் போனபின்னும் சிக்னலில் அந்த இடைவேளை தங்கிவிட்டது. அடுத்த ஃப்ரேம் தயாராகும் வரை அதை நீட்டினால் போதும். இத்தனை பெரிய தொல்லைக்கு இத்தனை எளிய மருந்து இருந்தது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

2013 அக்டோபரில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா இதை ஜி-சிங்க் என்று அறிவித்தபோது, மானிட்டருக்குள் தனக்கென ஒரு மின்சுற்றுப் பலகையைப் பொருத்தச் செய்தது; அன்று என்விடியா கார்டு இருந்தால்தான் அது வேலை செய்தது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2014 ஜனவரியில் ஃப்ரீசிங்கைக் காட்டியது. அதே ஆண்டு மே மாதம் திரைகளுக்கான பொதுத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ்-சிங்கைச் சேர்த்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகளிலிருந்து இந்தப் பொதுத் தரத்துக்குக் கதவைத் திறந்தது. ஆகவே ஃப்ரீசிங்க் மானிட்டர் பலவற்றை என்விடியா கார்டோடும் இணைக்கலாம்.

இனி எல்லைகளைப் பார்ப்போம், ஏனெனில் வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். எல்சிடி திரையின் பிக்சல் தன் மின்னேற்றத்தை நெடுநேரம் தாங்காது. அதனால் இடைவேளையை நீட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை இயங்கும் மானிட்டரில் ஆட்டம் வினாடிக்கு 40 ஃப்ரேமுக்கு இறங்கினால், ஒவ்வொரு ஃப்ரேமையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். இதற்கு எல்எஃப்சி (குறைந்த ஃப்ரேம் வேகத்தை ஈடுசெய்தல்) என்று பெயர். 48 முதல் 75 வரை மட்டுமே உள்ள மானிட்டரிலோ 40ஐ இரட்டித்த 80 மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கிழிசலோ திக்கலோ, உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் திரும்பி வரும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஃப்ரீசிங்க் பிரீமியம் என்ற சான்றுக்கு எல்எஃப்சி கட்டாயம். வெறும் ஃப்ரீசிங்க் என்றால் அந்த உறுதி இல்லை.

மேல் எல்லையைக் கடந்தாலும் பயன் நின்றுவிடும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஃப்ரேம் எண்ணிக்கையை 140 அளவில் கட்டிவைப்பது நல்லது.

ஓவர்டிரைவையும் கவனிக்க வேண்டும். பிக்சல் விரைந்து நிறம் மாற அதற்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் தரப்படுகிறது. 144 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் அளவு 60இல் மிகையாகி, நகரும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழலை இழுத்துவரும். வேகத்துக்கு ஏற்ப இந்த அழுத்தத்தையும் மாற்றியதுதான் ஜி-சிங்க் பலகையின் உண்மையான சிறப்பு. பலகை இல்லாத மானிட்டர்களில் சில மட்டுமே இதைச் செய்கின்றன. எனவே விமர்சனம் படிக்கும்போது 60 ஹெர்ட்ஸில் எடுத்த சோதனைப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கு ஓவர்டிரைவே தேவையில்லை. ஆனால் வேகம் மாறும்போது அதன் ஒளியளவும் சிறிது மாறுவதால், ஃப்ரேம் நேரம் தாறுமாறாகத் தாவும் இருண்ட காட்சிகளிலும் லோடிங் திரைகளிலும் மினுமினுப்பு தெரியலாம். இருட்டறையில் விளையாடுபவர் வாங்கும் முன் இதை நேரில் பார்த்துவிடுவது நல்லது.