ஆல்ட்ரூயிசம்: நான்காம் வேற்றுமையில் பிறந்த சொல்

கணவன் மனைவிக்குள் மனக்கசப்பு என்றாலும் கட்சிக்குள் பிளவு என்றாலும், 'ஈகோதான் காரணம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். லத்தீனில் அந்தச் சொல்லின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. 'எகோ' என்றால் வெறும் 'நான்'. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டும் ஜெர்மனில் 'நான்' என்று பொருள்படும் அன்றாடச் சொல்லையே ஆண்டார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தான் அதை லத்தீனாக்கினார்கள்.

'நான்' எளிது. 'பிறர்' அப்படியல்ல. அதற்கு லத்தீனில் இரண்டு சொற்கள் உண்டு. இருவர் மட்டும் இருந்தால் மற்றவர் 'ஆல்டர்'. பலர் இருந்தால் வேறொருவர் 'ஆலியுஸ்'. ஒரு கையில் பை, மற்றக் கையில் குடை என்னும்போது அந்த 'மற்ற' ஆல்டர். ஆங்கிலத்தில் மாறி மாறி வருவதைக் குறிக்கும் ஆல்டர்னேட் இதிலிருந்து வந்தது. வாய்ச்சண்டையான ஆல்டர்கேஷனும் அப்படியே. சண்டைக்கு இருவர் வேண்டுமே! ஆலியுஸின் வழியில் வந்தவை ஏலியன், ஏலியஸ், அலிபி. குற்றச் செய்திகளில் இரு பெயர்களுக்கு நடுவே நிற்கும் 'என்கிற'தான் ஏலியஸ். சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம் அலிபி. லத்தீனில் அதன் பொருளே 'வேறிடத்தில்' என்பதுதான்.

தனக்கென்று பாராமல் பிறர் நன்மைக்காகச் செயல்படுவதைக் குறிக்கும் ஆல்ட்ரூயிசம், பழைய லத்தீன் சொல் அன்று. பிரெஞ்சுத் தத்துவவாதி ஓகுஸ்ட் கோம்த் 1850களின் தொடக்கத்தில், தன்னலத்தைக் குறிக்கும் எகோயிசத்துக்கு எதிர்ச்சொல்லாக அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறர் என்னும் பொருளுடைய பிரெஞ்சின் 'ஓட்ருயி', இத்தாலியின் 'அல்ட்ருயி' இரண்டுக்கும் மூலம், பேச்சு லத்தீனில் ஆல்டர் ஏற்ற நான்காம் வேற்றுமை வடிவம். அதாவது 'மற்றவர்க்கு'. கொடுப்பதற்கான 'கு' உருபு சொல்லின் கருவிலேயே இருக்கிறது.

ஆல்ட்ரூயிசத்தைத் தமிழில் 'பொதுநலம்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பொதுவில் நானும் ஒரு பங்காளி. என் தெருவுக்குச் சாலை வந்தால் நானும்தான் நடப்பேன். குறள் பேசும் 'ஒப்புரவு' ஊரோடு பகிர்ந்து வாழும் கடமை. அதுவும் சற்று விலகியே நிற்கிறது. 'தியாகம்' என்றால் உயிரியலில் இடிக்கும். கூட்டைக் காக்கக் கொட்டி, கொடுக்கோடு உயிரையும் இழக்கும் வேலைக்காரத் தேனீயின் செயலையும் அறிவியலாளர் ஆல்ட்ரூயிசம் என்றே சொல்கிறார்கள். தேனீ யோசித்தா தியாகம் செய்கிறது?

'பிறர்நலம்' எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. 'தன்னலம்' எதிரே நிற்பதால் கோம்த்தின் இணையும் கலையவில்லை. புறநானூற்றின் 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி இந்த இணையை 'கு' உருபோடேயே வைத்திருக்கிறார்: 'தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர்'. அத்தகையோர் இருப்பதால்தான் உலகம் நிலைக்கிறது என்பது பாட்டு. வினையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பிறர்க்கென முயலல்' என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் கச்சிதம்.

எகோயிசத்தோடு பலர் குழப்பிக்கொள்வது எகோடிசம். நடுவே ஒரு 'ட்' நுழைந்திருக்கிறது, பொருளும் மாறிவிட்டது: வாயைத் திறந்தால் தன்னைப் பற்றியே பேசுவது. இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. 'சுயபுராணம்' இருக்கிறது.