புதினாவைக் கிள்ள வேண்டிய இடம்

உவர்மலையில் மாடிவீடொன்றில் குடியிருக்கும் வாசகி ஒருவர், குசினி யன்னலோரம் வைத்த புதினா முதலில் தழைத்துப் பின்னர் நூல்போல நீண்டு இலை அருகிவிட்டதாகவும், துடக்கு நாளில் தொட்டதே காரணமென்று மாமியார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். துடக்கை அறியும் உறுப்பு எதுவும் புதினாவுக்குக் கிடையாது. இந்தப் பழியைப் பெண்கள் இன்னும் சுமப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதே கடிதத்தில், சம்பலுக்கு அடியிலுள்ள பெரிய இலைகளையே பறிப்பதாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். குளிர்நாடுகளில் பனிக்காலப் பகல் மிகவும் சுருங்குவதால் வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். திருகோணமலையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. ஆடியில் கச்சான் காற்று இலையைக் கருக்குவதும் மாரியில் வேர் அழுகுவதுமே நமது தொல்லைகள். யன்னலோரம் இரண்டிலிருந்தும் காக்கும். ஆனால் நண்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்க, யன்னலைவிட்டு நாலைந்து அடி உள்ளே வந்தால் சில நூறு லக்ஸே மிஞ்சலாம். நமது கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வீழ்ச்சி நமக்குத் தெரிவதில்லை. செடி அதை உணர்ந்து, இலையைக் குறைத்துத் தண்டை நீட்டுகிறது.

இனிக் கிள்ளும் இடம். புதினாவின் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகளும், அவற்றின் கக்கத்தில் இரண்டு அரும்புகளும் உண்டு. நுனி இருக்கும்வரை இந்த அரும்புகள் பெரும்பாலும் உறங்கும். நுனியைக் கிள்ளினால் விழிக்கும். பாடசாலையில் இதை நுனி ஆதிக்கம் என்று படித்திருப்போம். திமான், ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் 1930களில், நுனி வெட்டிய அவரைச் செடியின் காயத்தில் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனை வைத்தபோது பக்க அரும்புகள் அடங்கியே இருந்தன. ஆகவே நுனியிலிருந்து இறங்கும் ஒட்சினே காவலன் என்று முடிவாயிற்று.

ஆனால் கணக்கு உதைத்தது. ஒட்சின் தண்டில் மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே நகரும். பட்டாணிச் செடியிலோ, வெட்டிய சில மணித்தியாலங்களிலேயே, நுனிக்கு வெகு கீழேயுள்ள அரும்புகள் வளரத் தொடங்கிவிடுகின்றன. ஒட்சின் குறைந்த செய்தி அவற்றை எட்டுவதற்கு முன்பே அவற்றை எழுப்பியது எது? 2014இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் பெவரிட்ஜ் குழுவினர் காட்டிய விடை, சீனி. வளரும் நுனி, இலைகள் சமைக்கும் சுக்குரோசு என்ற சீனியை எல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் சீனி ஒட்சினைவிடப் பன்மடங்கு வேகமாகக் கீழே பாய்ந்து அரும்புகளுக்குள் சேர்கிறது. நுனியை வெட்டாமலே சுக்குரோசு ஊட்டியபோதும் அரும்புகள் விழித்தன. ஒட்சினுக்குப் பங்கில்லை என்றாகாது. விழித்த அரும்பு தொடர்ந்து கிளையாவதில் அதற்கும் பொறுப்புண்டு. ஒரு பட்டாணி அரும்பைப் பற்றிய கேள்வி எண்பது ஆண்டுகள் உயிரோடிருந்தது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டுப் பணத்தை மறுக்கும் ஆய்வுக் குழுக்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஆசை.

எனவே அடியிலுள்ள முற்றிய இலைகளைப் பறிப்பது, நுனியை விட்டுவிட்டு, சீனி சமைக்கும் அடுப்பைப் பிடுங்குவதாகும். கணுவுக்குச் சற்று மேலே நுனியோடு கிள்ளினால் ஒரு தண்டு இரண்டாகும். வெளிச்சம் போதாத மூலையில் பங்கிடச் சீனியே இராது என்பதால், கிழக்குப் பார்த்த யன்னல் வேண்டும். துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் இதே முறைதான். கொத்தமல்லிக்கு இது பொருந்தாது. அது பூத்து முடிந்துவிடும் செடி, சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக விதைக்க வேண்டும்.

வாசகி இப்போது நீண்ட தண்டுகளை அடியில் இரண்டு கணு விட்டு வெட்டலாம். வெட்டிய துண்டுகளின் கீழ் இலைகளை நீக்கி, தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் வேர்விடும். நுனியிலிருந்து இறங்கும் ஒட்சின் வெட்டுவாயில் தேங்கி அங்கே வேர்களைக் கிளப்புகிறது.