கெர்னல்: பருப்பு, கரு, குறிப்பேடு

“அக்கா, கெர்னல் செத்துப் போச்சுக்கா. போன வாரம் பூரா எழுதினது!”

பண்ருட்டிப் பக்கத்துப் பெண், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டில் மாலை நேரத்தில் நான்கைந்து பேருக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் இவளும் ஒருத்தி. வீட்டில் முந்திரி உடைக்கும் தொழில். முழுப்பருப்பையும் உடைசலையும் செல்போனில் படம் பிடித்து, இது எது என்று சொல்லக் கணினியைப் பழக்கிக்கொண்டிருந்தாள். படங்களை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றியிருக்கிறாள். இடம் போதாமல் ஓட்டம் நின்று, கெர்னல் இறந்துவிட்டது போலிருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி வந்துவிட்டது. எழுதியதெல்லாம் அழிந்தது என்றே நினைத்துவிட்டாள்.

ஒரு வரிகூட அழியவில்லை. மறுபடி திறந்து காட்டிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் ஏட்டுக்குக் குறிப்பேடு என்று பெயர். அதைக் கேகிள் என்ற இணையதளத்துக்கு அனுப்பும் கட்டளையை முதல் நாள்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ‘கேகிள் கெர்னல்ஸ் புஷ்’ என்பது அந்தக் கட்டளை. அங்கே கெர்னல் என்றால் குறிப்பேடு. திரையில் செத்த கெர்னல் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அன்று இரவே இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் தானியத்துக்கும் விதைக்கும் ‘கார்ன்’ என்று பெயர். இன்று மக்காச்சோளத்தோடு ஒட்டிக்கொண்ட அதே சொல்தான். அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து, சிறுவிதை என்ற பொருளில் பிறந்தது கெர்னல். ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் தின்னக்கூடிய பகுதி அது. அப்படியென்றால் நேர்த் தமிழ் பருப்பு. எங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்திரி ஏற்றுமதியில் இன்றைக்கும் பருப்புக்குக் கெர்னல் என்றுதான் பெயர். பெட்டியில் டபிள்யூ 320 என்று எழுதியிருந்தால், ஒரு ராத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் என்று கணக்கு. டபிள்யூ 180 என்றால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. ஆக, அந்தப் பெண்ணின் வீட்டில் அவள் பிறக்கும் முன்பே கெர்னல் இருந்திருக்கிறது.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் இதே உவமையால்தான். இயங்குதளத்தின் நடுவில் இருந்து நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி கெர்னல். அதைச் சுற்றி நின்று, நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே கொடுப்பது ‘ஷெல்’, அதாவது ஓடு. இந்த ஷெல் என்ற பெயரை 1960களின் நடுவில் வைத்தவர் லூயி பூசன் என்ற பிரெஞ்சுக்காரர். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் கையைச் சுடும் எண்ணெய் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பருப்புக்குப் போக முடியும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவது அதனால்தான். ஓடும் பருப்பும் என்று சொன்னால் கடலூர்க்காரருக்கு இயங்குதளத்தின் அமைப்பு ஒரு நொடியில் புரிகிறது. பாடம் எடுத்துப் பார்த்ததில் கண்டது இது.

ஆனாலும் பருப்பைக் கலைச்சொல்லாக வைக்க முடியாது. பருப்பு என்றதும் குழம்புதான் நினைவுக்கு வரும். இங்கே தமிழுக்குக் கைகொடுப்பது கரு. லத்தீனில் நியூக்ளியஸ் என்ற சொல்லுக்கும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்றுதான் பொருள். அதைத் தமிழாக்கிய நம் பாடநூல்கள் பருப்பைத் தொடாமல் உட்கரு, அணுக்கரு என்று எழுதின. அந்த வழியிலேயே லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘கருனி’ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். கருவும் இருக்கிறது, கெர்னலின் ஓசையும் கேட்கிறது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் முழுச் சம்மதம். (தொல்காப்பியத்தின் கருப்பொருள் இதில் சேராது. அது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவை. நடுவில் இருப்பது என்ற பொருள் அங்கே இல்லை.)

சிக்கல் குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது. பெர்னாண்டோ பெரெஸ் 2001இல் தொடங்கிய ஐபைத்தான் திட்டத்திலிருந்து 2014இல் பிரிந்து வளர்ந்தது ஜூபிட்டர் என்ற குறிப்பேட்டு மென்பொருள். ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரைக் கோத்து வைத்த பெயர் அது. அதில் நாம் எழுதும் ஏடு ஒரு பக்கம், எழுதியதை வாங்கி ஓட்டிக் காட்டும் நிரல் இன்னொரு பக்கம். இந்த ஓட்டும் நிரலுக்குத்தான் அங்கே கெர்னல் என்று பெயர். அது நின்றால் மாறிகளில் வைத்திருந்த மதிப்புகள் போகும். ஏட்டில் எழுதியது ஏட்டிலேயே இருக்கும். இதை ‘இயக்கக்கரு’ என்று வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். “இயக்கக்கரு நின்றுவிட்டது, மறுபடி தொடங்கு” என்றால் யாரும் பதறுவதில்லை.

2010இல் தொடங்கி 2017இல் கூகுள் கைக்குப் போன கேகிள் தளமோ, ஏட்டுக்கே கெர்னல் என்று பெயர் வைத்தது. முதலில் ஸ்கிரிப்ட் என்றார்கள், பிறகு கெர்னல் என்றார்கள், அதன்பின் நோட்புக் என்று மாற்றினார்கள். தளத்தில் மாறிய பெயர் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் இடத்தில், மாறவில்லை. இனிட், புஷ், ஸ்டேட்டஸ், அவுட்புட், புல் என்ற எல்லாச் சொல்லுக்கும் முன்னால் ‘கெர்னல்ஸ்’ அப்படியே நிற்கிறது.

கட்டளை வரியே வேண்டாம், உலாவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணின் ஊரில் இணையம் வந்து வந்து போகும். உலாவியில் திறந்துவைத்த ஏடு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அந்த அமர்வு தானே முடிந்துவிடும். கட்டளை வரியில் அந்தத் தொல்லை இல்லை. ‘இனிட்’ என்று தட்டினால் கோப்புறையில் ஒரு விவரக் கோப்பு உருவாகும். ஏட்டின் அடையாளம், தலைப்பு, எந்தக் கோப்பு, எந்த மொழி, தனிப்பட்டதா, கணக்கை வேகமாகப் போடும் ஜிபியு என்ற செயலி வேண்டுமா, எந்தப் படத்தொகுப்பு என்று அதில் நிரப்ப வேண்டும். பிறகு ‘புஷ்’. சில கிலோபைட் அளவுள்ள கோப்பு, சிக்னல் ஒரு நிமிடம் நின்றால் போதும், போய்ச் சேரும். கேகிளின் கணினியில் புதிய பதிப்பாகப் பதிந்து ஓடத் தொடங்கும். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் படுக்கலாம். காலையில் ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் வரிசையில் நிற்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா, பிழையில் நின்றதா என்று ஒரு வரி வரும். முடிந்திருந்தால் ‘அவுட்புட்’ கொடுத்து விளைவைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். கேகிள் கணக்குக்குள் நுழைய உதவும் கடவுக்குறியை வைத்திருக்கும் கோப்பை மட்டும் மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

இந்தக் கட்டளைகளில் வரும் கெர்னலைக் கரு என்றோ கருனி என்றோ பெயர்த்தால் அது பிழை. அங்கே அது குறிப்பேடு மட்டுமே. சொல் ஒன்றாக இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் ஒரே தமிழை ஒட்டவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். படங்களைப் பகுத்தறியும் செயற்கை நரம்பு வலைப்பின்னலிலும் ஒரு கெர்னல் உண்டு. படத்தின் மேல் நகர்ந்து நகர்ந்து ஓரங்களையும் கீறல்களையும் எடுக்கும், மூன்றுக்கு மூன்று போன்ற சிறிய எண் கட்டம் அது. ஜெர்மானியக் கணிதத்தில் ‘கெர்ன்’ என்று வழங்கிய சொல்லின் வழியில் வந்தது. அதற்கு வடிகட்டி என்ற சொல் பொருந்துகிறது, புழக்கத்திலும் இருக்கிறது.

எழுத்துப்பெயர்ப்பிலும் ஒரு கவனம் வேண்டும். பலர் இதைக் கர்னல் என்று எழுதுகிறார்கள். படையில் இருக்கும் கர்னலும் தமிழில் அப்படியேதான். அது தூண் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி வந்த வேறு சொல். தமிழாக்க முடியாத இடத்தில் கெர்னல் என்று எழுதினால் இந்தக் குழப்பமாவது குறையும்.

போன வியாழக்கிழமை அந்தப் பெண் தன் ஏட்டின் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு, அடையாளத்தை மாற்றாமல் அனுப்பிவிட்டாள். கெர்னலின் தலைப்பும் அடையாளமும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வந்தது. ஆங்கிலத்தில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, “இங்க கெர்னல்னா குறிப்பேடுதானேக்கா?” என்றாள். நான் தலையாட்டுவதற்குள் விவரக் கோப்பைத் திறந்து அடையாளத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டாள்.