கமீய் என்ற பெயருக்கு என்ன பொருள்?

பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது என் தொழில். அதனால் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பெயர் தேடுபவர்கள் என்னிடம் பொருள் கேட்பார்கள். அடிக்கடி வருவது கமீய் (Camille). இணையப் பட்டியல்களில் ‘கமீல்’ என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர் வாயில் அந்த ‘ல்’ வராது. கூடவே ‘முழுமையானவள்’ என்று பொருளும் போட்டிருப்பார்கள். அது காமிலா என்ற அரபிப் பெயரின் பொருள். இந்தப் பெயருக்கும் அதற்கும் உறவில்லை.

கமீயின் வேர் லத்தீன். பழைய ரோமில் சடங்குகளின்போது பூசாரிக்குத் துணையாக நின்ற சிறுவன் கமில்லுஸ், சிறுமி கமில்லா. தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அந்த வேலை. அப்புறம் ரோமக் கவிஞர் வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில் ஒரு கமில்லா வருகிறாள். கைக்குழந்தையோடு தப்பியோடும் அப்பன், வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் வழியின்றி, அவளை ஈட்டியில் கட்டி, டயானா தேவியை வேண்டிக்கொண்டு அக்கரைக்கு எறிகிறான். வளர்ந்ததும் அவள் போர்க்களம் போகிறாள். தாய் பெயர் கஸ்மில்லா. அதில் கொஞ்சம் மாற்றித்தான் மகளுக்கு வைத்தானாம். ‘முழுமையானவள்’ என்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

சரி, பொருள் பிசகினால் பெரிய நட்டமில்லை. பாலினம் பிசகினால் விண்ணப்பம் திரும்பி வரும். கமீய் இருபாலுக்கும் பொதுவான பெயர். சிற்பி கமீய் க்ளோதெல் (1864–1943) பெண். ஓவியர் கமீய் பிஸ்ஸாரோ (1830–1903) ஆண். 1990களில் பெண் குழந்தைகளுக்கு இதை ஏராளமாக வைத்தார்கள் என்பதால், இன்று இளைய கமீய் என்றால் பெரும்பாலும் பெண்தான். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை நம்பிப் படிவம் நிரப்ப முடியாது. க்ளோத், தொமினிக் என்ற பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு.

பெயரை விட்டுவிட்டு ஆவணத்தைப் பாருங்கள். முழுப் பிறப்புப் பதிவில் பாலினம் நேராகவே எழுதியிருக்கும். மற்றவற்றில் ‘பிறந்த’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை (né) தேடுங்கள். பெண் என்றால் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும் (née). காதில் வித்தியாசமே தெரியாது, எழுத்தில்தான் தெரியும். பிரெஞ்சுச் சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் இன்னும் சுலபம்: 1 என்று தொடங்கினால் ஆண், 2 என்றால் பெண். இவை எதுவும் இல்லாத கடிதம் என்றால், ஊகிக்காமல் உரியவரிடமே கேட்டுவிடுங்கள்.