ஒரே பிள்ளை, இரண்டு முடிவுகள்: ஓட்டிசம் எப்படிக் கண்டறியப்படுகிறது?

இரண்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு வைத்தியர் “ஓட்டிசமாக இருக்கலாம்” என்கிறார். இன்னொருவர் “பெடியன்கள் கதைக்கப் பிந்தும், பொறுங்கோ” என்கிறார். “தகப்பனும் நாலு வயதிலதான் கதைச்சவர்” என்பது அம்மம்மாவின் தீர்ப்பு. யாழ்ப்பாணத்தில் இந்த மூவருக்கும் இடையில் தவிக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

ஓட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கானிலும் தெரியாது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது என்றாலும், வைத்தியர் பார்க்கக்கூடியது பிள்ளையின் நடத்தையை மட்டுமே. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட வரையறை இரண்டு விடயங்களைக் கேட்கிறது: மற்றவர்களோடு உறவாடுவதில் சிரமம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் விடாப்பிடியான ஈடுபாடுகளும். பேச்சுப் பிந்துவது மட்டும் ஓட்டிசம் ஆகாது.

முற்றத்து மாமரத்தில் ஒரு அணில். பேச்சு மட்டும் பிந்திய பிள்ளை அதை விரலால் காட்டிவிட்டு, தாயும் பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது வேறு, ‘நீயும் பார்’ என்று காட்டுவது வேறு. ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளில் இந்த இரண்டாவது வகைதான் குறைவாக இருக்கும். கணப்பொழுதில் வந்து போகும் அந்தப் பார்வையைப் பத்து நிமிடச் சந்திப்பில் பிடிப்பது கடினம். புதிய அறையில் பயந்து அழுத பிள்ளையை ஒருவர் பார்த்திருப்பார். விளையாட்டுக் காரோடு சிரித்திருந்த அதே பிள்ளையை மற்றவர் பார்த்திருப்பார். இருவரும் கவனமாகப் பார்த்தே வேறு முடிவுக்கு வரலாம். அதனால்தான் ஏடோஸ் (ADOS) போன்ற, பிள்ளையை நேரில் அவதானிக்கும் மதிப்பீடுகளில் குமிழி ஊதி, பலூன் காட்டி, 40 முதல் 60 நிமிடம் வரை விளையாடிப் பார்க்கிறார்கள்.

கேள்விப் படிவங்களுக்கும் எல்லை உண்டு. எம்-சாட் (M-CHAT) என்பது 16 முதல் 30 மாதப் பிள்ளைகளில் ஓட்டிசத்தின் அறிகுறிகளைத் தேட, பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள். சந்தேகம் தரும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி; 3 முதல் 7 வரை புள்ளி வந்தால், அதே விடயங்களைத் தாயிடம் விவரமாக மறுபடி கேட்க வேண்டும். இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய படிவம் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தவறவிட்டது. பிறகு இங்குள்ள தாய்மாருக்கென்றே படங்களைக் காட்டிக் கேட்கும் முறை உருவானது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற பதில், கேள்வி எப்படிப் புரிந்தது என்பதைப் பொறுத்தது.

அப்படியென்றால் தாய் என்ன செய்யலாம்? முதலில் காது. கிரைண்டர் சத்தத்துக்குத் துடிக்கிற பிள்ளைக்குப் பேச்சொலி சரியாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே கேட்டல் பரிசோதனையை விடவே கூடாது.

அடுத்து, வீட்டில் சிறு வீடியோக்கள் எடுங்கள்: கூப்பிடும்போது, சாப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போது. வளர்ச்சிப் பதிவுள்ள கிளினிக் கொப்பியோடு இரு வைத்தியர்களிடமும் அவற்றைக் காட்டுங்கள். “ஓட்டிசமா, இல்லையா?” என்பதோடு நிறுத்தாமல், “எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்?” என்றும் கேளுங்கள். அங்கேதான் முரண்பாடு எங்கே இருக்கிறது என்று தெரியும். “பொறுங்கோ” என்றால், சரி, எத்தனை மாதம், திரும்பி வரும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு ஓட்டிசம் என்ற பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பேச்சுப் பிந்தியிருக்கிறது என்பதே அதற்குப் போதும். அந்தச் சிகிச்சைக்கான பதிவை இன்றே செய்யலாம்.