200 குதிரைத்திறனைப் பனியில் இறக்குவது எப்படி?

ஆர்க்டிக் கேட் நிறுவனமும் யமஹாவும் கைகோத்து 2017 மாடலாகக் கொண்டுவந்த டர்போ ஸ்னோமொபைலில் (பனியில் ஓட்டும் மோட்டார் வண்டி) இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். அது தரும் சக்தி சுமார் 200 குதிரைத்திறன். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பனித்தடங்களில் அந்த வண்டி சட்டப்படி போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

200 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 150 கிலோவாட். பெல்ட், கிளட்ச், பனியில் சுழன்று வண்டியைத் தள்ளும் பட்டையான ட்ராக் என்று வழியில் கிட்டத்தட்ட பாதி வீணாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 75 கிலோவாட்டை 70 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாகக் கொடுத்தால், ட்ராக் பனியைப் பின்னால் தள்ளும் விசை சுமார் 3,850 நியூட்டன். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 400 கிலோ என்றால், அவர்களின் மொத்த எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். தளர்ந்த பனி அந்த அளவு பிடிப்பைத் தரவே தராது. ட்ராக் சுழலும், பனி பறக்கும், வண்டி அதற்கேற்ப முன்னேறாது. பனித்தடத்தில் ஓட்டுகிறவருக்குச் சக்தி பற்றாக்குறை கிடையாது. இருக்கிற சக்தியைத் தரையில் சேர்ப்பதில்தான் சிக்கல். அதனால்தான் டர்போவைத் தொடுவதற்கு முன் சஸ்பென்ஷனைத் தொட வேண்டும் என்கிறேன்.

ஸ்னோமொபைல் தரையைத் தொடுவது மூன்று இடங்களில்: முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகைகள், பின்னால் ஒரு ட்ராக். திருப்புவது ஸ்கீயின் வேலை, தள்ளுவது ட்ராக்கின் வேலை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எடை பின்பக்கம் நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது முடுக்கத்தையும், எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஸ்கீக்கும் ட்ராக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. உயரம் அந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, முடுக்கம் புவியீர்ப்பில் பாதி என்று எடுத்துக்கொண்டால், 400 கிலோவில் சுமார் 65 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடும். நிற்கும்போது ஸ்கீகளின் மேல் நூற்றுச் சொச்சம் கிலோதான் இருந்தது என்றால், பாதிக்கு மேல் காணாமல் போகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது டர்போ சட்டென்று விழித்துக்கொண்டால் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும், வண்டி மட்டும் நேராக மரத்தடிப் பக்கம் போகும். ஆனால் இதே எடை நகர்வுதான் ட்ராக்குக்குப் பிடிப்பையும் தருகிறது. அதை முழுசாக நிறுத்திவிட முடியாது, அளவோடு விட வேண்டும்.

அந்த அளவைத் தீர்மானிக்கும் அமைப்பு ட்ராக்கின் வளையத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கூர் ஊரில் 1937ல் பல்சக்கர ட்ராக்குக்குக் காப்புரிமை வாங்கி, 1959ல் ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில் ட்ராக்கைத் தாங்கியவை சிறு சக்கரத் தொகுப்புகள். இப்போது இரண்டு நீண்ட தண்டவாளங்களின் மேல் ட்ராக் வழுக்கி ஓடுகிறது. தண்டவாளங்களை வண்டியோடு இணைப்பவை முன் கை, பின் கை என்ற இரண்டு கைகள். முன் கைக்கு ஒரு ஸ்பிரிங்கும் ஷாக்கும், பின் கைக்குத் தனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் உண்டு. முன் கை ஒரு அளவுக்கு மேல் கீழே இறங்காதபடி பிடித்து வைப்பது லிமிட்டர் ஸ்ட்ராப் என்ற பட்டை. பார்வைக்குச் சாதாரணமான இந்தப் பட்டைதான் வண்டியின் குணத்தை அதிகம் மாற்றுகிறது. அதைச் சுருக்கினால் தண்டவாளத்தின் முன்பகுதி மேலே இழுக்கப்பட்டு, ஸ்கீகளின் மேல் எடை கூடும். திருப்பம் கூர்மையாகும், ஆனால் கிளம்பும்போது ட்ராக்கின் பிடி குறையும். நீட்டினால் நேர்மாறு. முன் கையின் ஸ்பிரிங்கை இறுக்குவதும் ஸ்ட்ராப்பை நீட்டுவதும் ஒரே திசையில்தான் வேலை செய்யும். இரண்டு கைகளும் எவ்வளவு தனித்தனியே அசையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இணைப்புக் கட்டைகளும் உண்டு. எடை நகர்வுக்கு அவைதான் கடைசித் தடுப்பு.

எங்கே ஆரம்பிப்பது? ஓட்டுபவர் தன் முழு உடுப்போடும் ஹெல்மெட்டோடும் ஏறி உட்காரும்போது பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்று அளப்பதில். பல வண்டிகளுக்கு 2 முதல் 3 அங்குலம் சரியாக வரும். அதைவிட அதிகம் அமிழ்ந்தால் முன்பக்கம் லேசாகிவிடும், பெரிய குழியில் அடிமட்டம் தட்டும். அமிழாமலே நின்றால் குழிக்குள் ட்ராக் இறங்குவதற்கான இடம் மிச்சமில்லாமல், அது தரையை விட்டுத் துள்ளும். இந்த அளவு சரியாகாமல் ஷாக்கின் திருகுகளைத் திருப்புவது வீண் வேலை.

அப்புறம் ஷாக். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அந்த அசைவின் சக்தியை வெப்பமாக்கித் தீர்க்கிறது. உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைத் துளைகள் வழியாகவும் மெல்லிய தகடுகளைத் தாண்டியும் தள்ளுகிறது. எண்ணெயில் குமிழிகள் உண்டாகாமலிருக்க மறுபக்கம் நைட்ரஜன் வாயு அழுத்தம் கொடுக்கிறது. அமுங்கும்போது ஒரு எதிர்ப்பு, விரியும்போது வேறொரு எதிர்ப்பு. பனித்தடத்தில் அதிகம் தவறாக வைக்கப்படுவது இந்த இரண்டாவதுதான்.

மதியத்துக்குள் தடத்தில் அலை அலையாக மேடுகள் எழுந்துவிடும். இரண்டு மீட்டருக்கு ஒரு மேடு என்றால், 70 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து முறை அடி விழும். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சஸ்பென்ஷனுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு; அதற்குள் அமுங்கி, விரிந்து, அடுத்ததுக்குத் தயாராக வேண்டும். விரியும்போது எதிர்ப்பு அதிகமாக இருந்தால் அது முழுசாக விரியாமலே அடுத்த மேட்டை வாங்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி, பத்துப் பன்னிரண்டு மேடுகளுக்குள் சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத நிலை. ஓட்டுபவருக்கு அது கடினமான ஸ்பிரிங் மாதிரித் தெரியும்; அவர் ஸ்பிரிங்கைத் தளர்த்துவார், நிலைமை இன்னும் மோசமாகும். உண்மையான மருந்து விரிதலைச் சற்று வேகப்படுத்துவது. இன்னொன்று: மைனஸ் 25 டிகிரியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் ஷாக் எண்ணெய் கெட்டியாக இருக்கும். முதல் சில கிலோமீட்டரில் தோன்றும் விறைப்பை நம்பி எதையும் மாற்றக் கூடாது. ஒரு மணி நேரம் மேட்டில் அடிபட்ட பின் எண்ணெய் சூடாகி இளகுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது டர்போ. வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுழற்சி நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். மலையில் இதன் பயன் வெளிப்படை: 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான், சாதாரண எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். ஸ்கீ-டூவின் 2020 மாடல் 850 டர்போ, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்த முதல் ஸ்னோமொபைல். அது 8,000 அடி வரை 165 குதிரைத்திறனை இழக்காமல் காக்கும்படி செய்யப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் கியூபெக் ஆகியவற்றின் தாழ்வான தடங்களில் அந்தத் தேவை இல்லை. அங்கே காற்று ஏற்கெனவே அடர்த்தி. மைனஸ் 30 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது.

குளிர் இருக்கிறதே, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எதற்கு என்று கேட்கலாம். மைனஸ் 20 டிகிரிக் காற்றை 1.7 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சாதாரணக் கம்ப்ரஸரில் அது ஏறக்குறைய 40 டிகிரியாக வெளியே வரும். சூடான காற்று அடர்த்தியை இழக்கும், எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றி, நாக்கிங் என்ற தட்டல் வரும். அழுத்தத்தை ஏற்றும் ஒவ்வொரு படியிலும் எரிபொருளின் அளவு, தீப்பொறியின் நேரம், பெட்ரோலின் ஆக்டேன் மூன்றும் கூடவே நகர வேண்டும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, மட்டும் ஏற்றினவர்களின் பிஸ்டன்கள் உருகியிருக்கின்றன.

தடத்துக்கு முக்கியம் பூஸ்ட்டின் உச்சம் அல்ல, அது ஏறும் விதம். கால் பங்கு ஆக்சிலரேட்டரில் மெதுவாகக் கட்டி எழும் அழுத்தத்தை ட்ராக் தாங்கும். தாமதித்துவிட்டு ஒரேயடியாக வருவதைத் தாங்காது. உபரிப் புகையை டர்பைனுக்குச் செல்லாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை எப்போது திறப்பது என்பதில்தான் நல்ல டியூனரின் கைத்திறன் தெரியும்.

அந்தச் சக்தி ட்ராக்குக்குப் போகும் வழியில் கியர் கிடையாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே பெல்ட் ஏற்பாடுதான், அதைவிடப் பல மடங்கு பெரியது. முன் கிளட்ச்சில் உள்ள எடைகள் சுழற்சியில் வெளியே வீசப்பட்டு பெல்ட்டை அழுத்துகின்றன. அந்த எடைகளும் ஸ்பிரிங்கும் எஞ்சினை அதன் சிறந்த சுழற்சி வேகத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். பூஸ்ட் கூடினால் எஞ்சின் அந்த வேகத்தைத் தாண்டி ஓடும், எடைகளைக் கூட்ட வேண்டும். இதைச் செய்யாதபோது பெல்ட் வழுக்கி, சூடாகி, கிழியும்.

வெப்பம் இன்னொரு வழியிலும் மாட்டிவிடும். ஸ்னோமொபைலுக்குக் காரைப் போல் முன்னால் பெரிய ரேடியேட்டர் இருப்பதில்லை. ட்ராக் வாரி எறியும் பனி, ட்ராக்கை மூடியிருக்கும் உலோகக் கூரையின் உள்பக்கம் ஓடும் குளிர்விப்பானில் பட்டுத்தான் எஞ்சின் குளிர்கிறது. உறைந்து கெட்டியான தடத்தில் பனித்தூள் எழாது. நீரின் வெப்பம் ஏறும், எஞ்சின் கணினி சக்தியைக் குறைக்கும். வழுக்குத் தண்டவாளங்களுக்கும் அந்தப் பனிதான் மசகு. அதற்காகத்தான் பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கும் கம்பிகளைப் பின்பக்கம் தொங்கவிடுகிறார்கள். டர்போ வண்டிக்கு அவை அலங்காரமல்ல.

பூஸ்ட்டோ கிளட்ச்சோ மாறியதும் லிமிட்டர் ஸ்ட்ராப்புக்குத் திரும்பி வர வேண்டும், ஏனென்றால் எடை நகர்வின் அளவே மாறிவிட்டது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே வளைவில், அதே நேரத்தில் சோதிக்க வேண்டும். நேரம் முக்கியம்: தடத்தைச் சமன் செய்யும் இயந்திரங்கள் பெரும்பாலும் இரவில் ஓடுகின்றன, கிளறிய பனித் துகள்கள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால். காலை எட்டு மணிக்குக் கிடைக்கும் கண்ணாடிப் பரப்பில் எந்த அமைப்பும் நன்றாகத்தான் தெரியும். மேடு எழுந்த மதியம் இரண்டு மணிக்கு எது ஸ்கீயைத் தரையில் வைத்திருக்கிறதோ, அதையே திருகில் குறித்துக்கொள்ளுங்கள்.